அத்தியாயம் 9: ப்ராசஸர் சூடு: திரையில் தெரியும் எண் உண்மையா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். டிடிபி வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தன் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, ப்ராசஸர் 127 டிகிரி காட்டுது. போர்டு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்றார். ஆன் செய்து ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் 127 என்ற எண் அசையவில்லை. அதே திரையில் சற்றுக் கீழே, ப்ராசஸரின் கோர்கள் 46 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தன. அந்த 127, போர்டில் சென்சாரே இணைக்கப்படாத ஓர் இடத்திலிருந்து வந்த எண். போர்டில் எந்தக் கோளாறும் இல்லை.

அதே கோடையில் இன்னொருவர் வந்தார். அவருடைய சிஸ்டம் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை தானாக அணைந்துவிடும். "சூடெல்லாம் இல்ல சார், எப்பவும் 29.8 தான் காட்டுது" என்றார். அறையின் வெப்பமே 34 டிகிரி. அறையைவிடக் குளிர்ச்சியாக ஒரு ப்ராசஸர் ஓட முடியாது. சரியான சென்சாரைத் தேடிப் பார்த்தபோது ப்ராசஸர் 98 டிகிரியில் தவித்துக்கொண்டிருந்தது.

முதலாமவர் பொய் எண்ணைப் பார்த்துப் பயந்தார். இரண்டாமவர் பொய் எண்ணை நம்பி நிம்மதியாக இருந்தார். இரண்டுமே பணத்தை விழுங்கும் தவறுகள். ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அறையின் வெப்பம், ஹீட்சிங்க்கின் சூடு, ப்ராசஸரின் வேகம், அது இழுக்கும் மின்சாரம் ஆகிய நான்கோடும் அந்த எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதே இந்த அத்தியாயம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டரில் வெப்பத்தை அளக்கும் இடங்கள் பல. மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டுவதால்தான் குழப்பம்.

முதலாவது, ப்ராசஸரின் உள்ளேயே, சிலிக்கானில் பதிக்கப்பட்ட சென்சார். இதுவே முக்கியமானது. மென்பொருளில் 'கோர்', 'பேக்கேஜ்', 'டை' என்ற பெயர்களில் வருவது இது. இன்டெல் ப்ராசஸர்களில் இந்தச் சென்சார் நேரடியாக வெப்பத்தைச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. வரம்பு 100, பாக்கி 55 என்றால் மென்பொருள் கழித்துப் பார்த்து 45 என்று காட்டுகிறது. ஆகவே வரம்பைத் தவறாக எடுத்துக்கொண்டால் காட்டும் எண்ணும் தவறும். கோர் 2 டியோ காலத்தில் நடந்தது அதுதான். இன்டெல் அந்த வரம்புகளை 2008 வரை வெளியிடாததால் மென்பொருள் எழுதியவர்கள் ஊகத்தில் போட்டார்கள். ஒரே சிஸ்டத்தில் இரண்டு மென்பொருள்கள் 10 டிகிரி வித்தியாசம் காட்டின. அதற்குப் பின் வந்த கோர் ஐ வரிசையில் வரம்பு ப்ராசஸரிலேயே பதிவாகியிருக்கிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்தச் சென்சார் உச்ச வரம்பை நெருங்கும்போது துல்லியமானது. வேலையின்றி இருக்கும்போது சில டிகிரி பிசகலாம். ப்ராசஸரைக் காப்பாற்றவே அதை வைத்திருக்கிறார்கள். குளிர்ச்சியை அளக்க அல்ல.

இரண்டாவது, மதர்போர்டில் உள்ள கண்காணிப்புச் சிப். நுவோட்டான், ஐடிஇ ஆகிய நிறுவனங்களின் சிப்கள் பரவலாக உள்ளன. ஃபேன் வேகம், மின்னழுத்தம், போர்டின் வெப்பம் எல்லாம் இதன் வழியாக வருகின்றன. இதில் பல உள்ளீடுகள் உண்டு. போர்டு தயாரிப்பாளர் எல்லாவற்றிலும் சென்சார் இணைப்பதில்லை. வெறுமனே விடப்பட்ட உள்ளீடு, அந்தச் சிப் காட்டக்கூடிய கடைசி எண்ணில் போய் நிற்கும். எட்டு பிட்டில் எழுதக்கூடிய உச்சம் 127, கீழ் எல்லை மைனஸ் 128. அந்த டிடிபி இளைஞரைப் பயமுறுத்திய எண் இப்படித்தான் வந்தது.

மூன்றாவது, பயாஸ் வெறும் சம்பிரதாயத்துக்காக இயங்குதளத்துக்குத் தரும் 'தெர்மல் ஸோன்' எண். பல டெஸ்க்டாப் போர்டுகளில் இது நிலையாக 27.8 அல்லது 29.8 என்றே இருக்கும். இது எந்தச் சென்சாரின் அளவும் அல்ல. இதைப் பார்க்கவே வேண்டாம்.

பார்த்தவுடன் சந்தேகப்பட வேண்டிய எண்கள்

1. அறை வெப்பத்தைவிடக் குறைவான எண். காற்றாலோ, சாதாரணத் தண்ணீர்க் குளிர்விப்பாலோ ப்ராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 33 டிகிரி, ப்ராசஸர் 20 டிகிரி என்றால் எண் தவறு. ஏஎம்டியின் பழைய எஃப்எக்ஸ் வரிசை ப்ராசஸர்கள் வேலையின்றி இருக்கும்போது இப்படிக் காட்டும். அது கோளாறு அல்ல; அந்தச் சென்சாரின் அளவுகோல் அப்படி.

2. என்ன செய்தாலும் மாறாத எண். உயிருள்ள சென்சார், வேலை கூடும்போதும் குறையும்போதும் ஓரிரு டிகிரியாவது அசையும்.

3. 127, மைனஸ் 128 போன்ற எல்லை எண்கள், அல்லது ஒரு வினாடியில் 15, அடுத்த வினாடியில் 110 என்று தாவும் எண்கள்.

4. சரியாக 10, 20 அல்லது 27 டிகிரி கூடுதலாகத் தோன்றும் எண். 2017-இல் வந்த ரைசன் 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றில் உண்மை வெப்பத்தோடு 20 டிகிரியை ஏஎம்டியே கூட்டிக் காட்டியது. ஒரே சாக்கெட்டில் வரும் எல்லா ப்ராசஸர்களுக்கும் ஃபேன் ஒரே விதமாகச் சுழல வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ரைசன் 2700எக்ஸில் 10 டிகிரி, முதல் தலைமுறை த்ரெட்ரிப்பரில் 27 டிகிரி. பழைய மென்பொருள் இதைக் கழிக்காமல் காட்டும்.

5. 104, 140 போன்ற எண்கள். மென்பொருளின் அமைப்பில் ஃபாரன்ஹீட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். 104 ஃபாரன்ஹீட் என்பது 40 செல்சியஸ்தான்.

சந்தேகமே வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரைசன் ப்ராசஸர்கள் சும்மா இருக்கும்போதே ஒரு கணம் 40, மறுகணம் 58 என்று துள்ளும். ஒரு சின்ன வேலை வந்தாலும் ஒரு கோரை உச்ச வேகத்துக்கு ஏற்றி முடித்துவிட்டுத் தூங்கப் போவது அவற்றின் இயல்பு. அதேபோல் பயாஸ் திரையில் காட்டும் வெப்பம், விண்டோஸில் சும்மா இருக்கும்போது உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும். பயாஸில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதிகள் முழுதாக இயங்குவதில்லை என்பதே காரணம்.

சோதனைக்கு முன்

அறையின் வெப்பத்தைக் காட்டும் ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம், ஒரு பேப்பர், பேனா போதும். கம்ப்யூட்டரில் ஹெச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தைக் காட்டும். ப்ராசஸர் வெப்பத்தைக் காட்டாது. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் 'கோர்டெம்ப்' அல்லது 'கே10டெம்ப்' என்ற பெயருக்குக் கீழே வரும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ப்ராசஸரின் உச்ச வரம்பைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இன்டெல் 10-ஆம் தலைமுறை முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான பெரும்பாலான டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு அது 100. ரைசன் 5 5600எக்ஸுக்கு 95, ரைசன் 7 5800எக்ஸுக்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89.

அடுத்து, இந்த அத்தியாயத்திலேயே மிக உதவியான பழக்கம்: காட்டும் எண்ணிலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். ஏசி அறையில் 24 டிகிரி இருக்கும்போது 72 காட்டிய ப்ராசஸர், மே மாத மதியம் 37 டிகிரி அறையில் ஏறத்தாழ 85 காட்டும். இரண்டிலும் வித்தியாசம் 48தான். கூடியது அறையின் சூடு. சிஸ்டத்தில் எதுவும் கெடவில்லை. கழித்து வரும் எண்ணையே ஒப்பிடுங்கள்.

சோதனை 1: காலையில் முதல் எண்

இரவு சிஸ்டத்தை அணைத்துவிட்டு காலையில் ஆன் செய்து நேரே பயாஸுக்குள் போங்கள். இரவு முழுக்க ஆறியிருப்பதால் ஹீட்சிங்க் அறை வெப்பத்தில் இருக்கும். முதல் அரை நிமிடத்தில் வரும் எண் அறையைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருந்தால் சென்சார் பெரும்பாலும் சரி. 30 டிகிரி அறையில் எடுத்த எடுப்பிலேயே 65, 70 என்று காட்டினால் இரண்டு காரணங்களில் ஒன்று: எண்ணில் ஏதோ கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் ப்ராசஸரின் மேல் சரியாகப் படியவில்லை. எது என்று அடுத்த சோதனை சொல்லும்.

சோதனை 2: கடிகாரத்தோடு ஒரு லோடு

சும்மா இருக்கும்போது வெப்பம், வேகம், வாட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எதுவும் ஓடாதபோதே வாட் அதிகமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அது விண்டோஸ் அப்டேட்டாகவும் இருக்கலாம், கிரிப்டோ நாணயம் தோண்டும் வைரஸாகவும் இருக்கலாம். அப்போது சூடும் உண்மை, எண்ணும் உண்மை, பிரச்சினை மென்பொருளில்.

பிறகு சினிபெஞ்ச் போல எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் ஒன்றை 10 நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் எத்தனை டிகிரி என்பதைவிட, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் கவனியுங்கள். நோய் அந்த நேரத்தில்தான் தெரியும்.

ஆரோக்கியமான சிஸ்டத்தில் முதல் ஓரிரு வினாடியில் 15 முதல் 25 டிகிரி சட்டென்று ஏறும். அதன்பின் மெல்ல மெல்ல ஏறி, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் ஓரிடத்தில் நிற்கும். ஹீட்சிங்க் தொடும்போது இதமான சூட்டில் இருக்கும்.

சில வினாடிகளிலேயே வரம்பைத் தொட்டுவிட்டது, வேகம் சரிகிறது, ஆனால் ஹீட்சிங்க் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்றால், வெப்பம் ப்ராசஸரிலிருந்து ஹீட்சிங்க்குக்குப் போகவே இல்லை. ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் பின் கழன்றிருக்கும், இரண்டுக்கும் இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் அடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்தியிருப்பார்கள். உடனே சோதனையை நிறுத்துங்கள்.

நிமிடக் கணக்கில் ஏறி ஏறி வரம்புக்குப் போகிறது, ஹீட்சிங்க்கைத் தொட முடியவில்லை என்றால், வெப்பம் ஹீட்சிங்க் வரை வந்துவிட்டது. அதைக் காற்று எடுத்துப் போகவில்லை. ஃபேன், தூசி, கேபினெட் காற்றோட்டம் ஆகியவற்றைப் பாருங்கள்.

தண்ணீர்க் குளிர்விப்பு உள்ள சிஸ்டத்தில் ப்ராசஸர் பக்கம் குழாய் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது என்றால் பம்ப் நின்றுவிட்டது.

லோடு கொடுத்தாலும் எண் நகரவே இல்லை என்றால் நீங்கள் பார்ப்பது ப்ராசஸரின் சென்சார் அல்ல.

எண் தொடக்கம் முதலே ஒரே அளவு கூடுதலாக இருக்கிறது, ஆனால் ஏறும் விதம் ஆரோக்கியமாக இருக்கிறது, வேகம் குறையவில்லை, ஹீட்சிங்க்கும் இதமான சூட்டில் இருக்கிறது என்றால், அது கூட்டிக் காட்டும் எண்.

கோர்களுக்கிடையே 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். ஒரு கோரை மட்டும் வைத்துப் பதற வேண்டாம்.

சோதனை 3: நிறுத்தியதும், திறந்ததும்

லோடை நிறுத்திய உடனே எண் 85-லிருந்து 55-க்கு விழுந்தால் பலர் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. வெப்பம் உண்டாகும் சிலிக்கான் துண்டு நகத்தளவுதான். மின்சாரம் குறைந்ததும் கணத்தில் ஆறும். ஹீட்சிங்க் ஆறத்தான் நேரம் எடுக்கும்.

பிறகு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து அதே லோடை மறுபடி ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் குறைந்தால் ப்ராசஸரின் கூலர் நன்றாக இருக்கிறது. கேபினெட்டுக்குள் காற்று வந்துபோக வழியில்லை. கேபினெட்டை மேசைக்கு அடியில் மூலையில் திணித்து வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

சூடு உண்மை என்று தெரிந்தால்

செலவு குறைந்ததில் தொடங்கி இந்த வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்குப் பின்னும் சோதனை 2-ஐத் திரும்பச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

ஒன்று, தூசி. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிய பிறகு கைவையுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் கம்பளம் போல் படிந்திருக்கும் தூசிதான் முக்கியம். வெளியிலிருந்து அது தெரியாது.

இரண்டு, ஃபேன். அதன் ஒயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் இருக்கிறதா, லோடு ஏறும்போது சுற்று கூடுகிறதா என்று பாருங்கள்.

மூன்று, பின்கள். இன்டெல்லோடு வரும் கூலரில் நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் பின்கள் உண்டு. அவற்றில் ஒன்று கழன்றிருப்பது நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்கார வேண்டும். தலையில் உள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பினால் பின் கழலும் என்பதால் மாட்டும்போது அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

நான்கு, பேஸ்ட். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ஏஎம்4 சாக்கெட் உள்ள ரைசன் சிஸ்டத்தில் ஒரு எச்சரிக்கை: ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, பின்கள் வளையும். முதலில் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கியபின் ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்தி எடுங்கள்.

ஐந்து, பயாஸ் அமைப்பு. பல மதர்போர்டுகள் இன்டெல் சொன்ன மின் வரம்பைத் தாங்களாகவே தளர்த்திவிடுகின்றன. கோர் ஐ5 12400-க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117 வாட். ஐ9 13900கே-க்கு 125-உம் 253-உம். லோடில் உங்கள் வாட் அந்த உச்சத்தைத் தாண்டினால் பயாஸில் இன்டெல்லின் வரம்பைத் திரும்பப் போடுங்கள். வெப்பம் கணிசமாக இறங்கும். வேகத்தில் இழப்பதோ கொஞ்சம்தான்.

எண்தான் பொய் என்று தெரிந்தால்

மென்பொருளைப் புதுப்பியுங்கள். போர்டு தயாரிப்பாளர் புதிய பயாஸ் தந்திருந்தால், யுபிஎஸ் இணைப்பில் வைத்துப் போடுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு முடங்கும். இணைக்கப்படாத உள்ளீடுகளை மென்பொருளில் மறைத்துவிடுங்கள். பயாஸில் ஃபேனை எந்தச் சென்சார் இயக்குகிறது என்றும் பாருங்கள். பொய் எண்ணைப் பார்த்து ஃபேன் ஓடினால் எப்போதும் இரைச்சல், அல்லது எப்போதும் மந்தம்.

இரண்டு தவறான முடிவுகள்

ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் முழு லோடில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஏஎம்டியே அதைச் சொல்லியிருக்கிறது. அங்கே 95 என்பது கோளாறு அல்ல. ஆனால் ஐ5 12400 சாதாரண அலுவலக வேலையிலேயே 95 காட்டினால் அது கோளாறு. எண் ஒன்றே, ப்ராசஸர் வேறு.

சிஸ்டம் திடீரென அணைந்தால் அதற்கு வெப்பம்தான் காரணம் என்றும் முடிவுகட்டாதீர்கள். வெப்பம் கூடும்போது ப்ராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மீறினால்தான் அணையும். 60 டிகிரியில், வேகம் குறையாமல், பொசுக்கென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ், மின்னழுத்தம், யுபிஎஸ் பேட்டரி ஆகியவற்றைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சிஸ்டம் நன்றாக ஓடும் இன்றைக்கே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். தேதி, அறை வெப்பம், சும்மா இருக்கும்போது உள்ள எண், பத்து நிமிட லோடுக்குப் பிந்தைய எண், வாட், வேகம் ஆறையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபினெட்டின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த கோடையில் திரையில் பயமுறுத்தும் எண் ஒன்று தெரிந்தால், யாரிடமும் ஓடுவதற்கு முன் அந்தச் சீட்டைப் பாருங்கள். அறை வெப்பத்தைக் கழித்த வித்தியாசம் அப்படியே இருந்தால் உங்கள் ப்ராசஸர் நலமாக இருக்கிறது. பத்து டிகிரி கூடியிருந்தால் தூசி தட்டுவதில் தொடங்குங்கள்.